தலைத்துண்டில் இருந்த போன்

தினேஷ்,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், உன் வீடியோவில் பார்த்தேன். கஞ்சி போட்ட சட்டை, கையில் மைக், பக்கத்து நாற்காலியில் நான். எட்டு மாதம் ஆகியும் அது இன்னும் ஒவ்வொரு போனாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் எங்கள் குப்பத்து டீக்கடையில் என் முகத்தை என்னிடமே காட்டினார்கள். அதனால்தான் இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பவில்லை. நீ என்னை நாலு பேர் முன்னால் பேச வைத்தாய், நானும் நாலு பேர் முன்னால்தான் பதில் சொல்வேன். உங்கள் அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர் நம்பர் என்னிடம் இருக்கிறது, அந்த வீடியோ எடுத்த அன்றைக்கு அவரே கொடுத்தார். உன் வீடியோ வந்த அதே குரூப்பில் இதுவும் வரும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் தினமும் பேப்பர் படிப்பவன். கோபம் வந்தால் கோர்வையாகவும் எழுத வரும்.

படிக்கும் மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன். நான் திருவொற்றியூர்க் கரையில் ஃபைபர் போட்டில் தொழில் செய்தவன். இரண்டு வருடத்துக்கு முன் என் இடது காது மந்தமானது. பிறகு எழுந்து நின்றால் தரை சாய்ந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி இருக்கிறது, புற்றுநோய் இல்லை, மெதுவாக வளரும், வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கடலுக்குப் போவது அன்றோடு நின்றது. போன வருடம் மாத்தூரில் நீ குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் மொபைல் டவர் வைக்க ஒரு கம்பெனி வந்தது. உங்கள் சங்கத்தில் பாதிப் பேர் வைக்கட்டும் என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். கூடாது என்றவர்களுக்கு நீ தலைவன். உனக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டான், நான் கிடைத்தேன்.

நீ போன் செய்தது ஞாபகம் இருக்கிறதா? "நைனா, சண்டே வண்டி அனுப்பறேன், வந்துடு. உன் தலத்துண்ட மறக்காம எட்துகினு வா" என்றாய். துண்டு எதற்கு என்று கேட்டேன். "கடல்ல போன எப்டி கட்டுவியோ அத்த அப்டியே கட்டிக் காட்டணும், அவ்ளோதான்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் கல்யாணத்தன்று இதே துண்டைத் தோளில் போட்டு வந்தேன் என்பதற்காக, மண்டபத்து வாசலிலேயே அதைப் பிடுங்கிச் சுருட்டிப் பையில் திணித்தவன் நீ. பிறகு ஒருநாள் உன் பக்கத்து வீட்டுக்காரரிடம் "எங்க ஃபாதர் மரைன் லைன்ல இருந்தவர்" என்று நீ சொன்னது என் நல்ல காதில் விழுந்தது. மரைன் லைனாம்! நான் கப்பல் கேப்டன் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தால் இப்போதாவது தெரிந்துகொள்ளட்டும். நண்டு வலையும் வஞ்சிர வலையும் இழுத்துக் காய்த்துப்போன கை இது.

உங்கள் காலனிக்காரர்களுக்கு அன்று விளங்கியிருக்காது, ஒருவன் போனை ஏன் தலையில் கட்ட வேண்டும் என்று. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் நனைகிறவனுக்குச் சட்டைப் பை கிடையாது. போனைப் பாலித்தீன் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, தலைத்துண்டுக்குள் காதோடு ஒட்டிச் செருகிவிடுவோம். எஞ்சின் ஓடும்போது மணியடிப்பது கேட்காது. காதின்மேல் அதிர்ந்தால்தான் போன் வருவது தெரியும். எங்கள் கரையில் பாதிப் பேர் இன்றைக்கும் இப்படித்தான் கட்டுகிறார்கள். அதை உங்கள் கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கட்டிக் காட்டினேன். சர்க்கஸ் பார்ப்பதுபோல் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நீ மைக்கைப் பிடித்தாய். "மீன் விலை கேக்கறதுக்காக எங்க அப்பா இருபது வருஷம் இந்தப் போனை மூளையோட ஒட்டி வெச்சிருந்தார். ரேடியேஷன் அவர் மண்டைக்குள்ள என்ன செஞ்சிருக்குன்னு பாருங்க. ஒரு போனே இதைச் செய்யும்னா, தலைக்கு மேல நிக்கற டவர் நம்ம குழந்தைங்க மூளைய என்ன செய்யும்?" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டர் என்ன சொன்னாங்க, சொல்லுங்கப்பா" என்றாய்.

அப்பா என்றாய். அதுவும் 'சொல்லுங்க' என்று. முப்பத்து நாலு வருடத்தில் அப்படி நீ என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் சொன்னேன்: "போனாலதான் வந்துச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க." முன் வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தயங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையைத் தூக்கினார்கள். டவர் உங்கள் மாடிக்கு வரவில்லை.

நான் சொன்னது பொய். பொய் என்று உனக்கும் தெரியும், ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் டாக்டரம்மா பேசியபோது நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். "இது போன் ரேடியேஷனால வந்ததுதானே மேடம்?" என்று கேட்டதும் நீதான். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: "அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ரொம்ப நாளா ஆராய்ச்சி பண்றாங்க, ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் சொல்றதோட ஒத்துப்போகல. பெரியவங்க மூளைக்குக் கெடுதல்னு உறுதியா நிரூபணம் ஆகல. சின்னப் பசங்களுக்கு மண்டையோடு மெல்லிசு, மூளையும் வளர்ந்துக்கிட்டு இருக்கு. முழுசா தெரியற வரைக்கும் அவங்க விஷயத்துல ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்றோம், அவ்வளவுதான்." அப்புறம் என்னைப் பார்த்து, "இத்தன வருஷம் எஞ்சின் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்களே, அந்தச் சத்தம் காதை என்ன பண்ணும்னு கேளுங்க. அதை அடிச்சுச் சொல்றேன்" என்றார்.

நீ விடவில்லை. டவரைப் பற்றிக் கேட்டாய். டவர் எங்கேயோ நிற்கிறது, போன் உடம்போடு ஒட்டியிருக்கிறது, சாதாரணமாகத் தலைக்குள் போவதில் பெரும்பங்கு கையிலிருக்கும் போனிலிருந்துதான் என்றார். சிக்னல் குறைந்த இடத்தில் போன் இன்னும் பலமாக வேலை செய்யும் என்றும் சொன்னார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்துப் போட்டில் இருப்பவனிடம் சாதாரணமாகப் பேசுவோம், தூரத்துப் போட்டுக்காரனிடம் தொண்டை கிழியக் கத்துவோம், அதுதான் சங்கதி. எட்டாம் வகுப்புக்காரனுக்கு ஏறியது பட்டதாரிக்கு ஏறவில்லை. நீ அப்போதே மைக்கில் என்ன பேசலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய்.

அப்படியென்றால் நான் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். கேள். உன் வீட்டுக்கு நான் எப்போது வந்தாலும் உன் மனைவி ரேவதி முதலில் காட்டுவது குளியலறையை. சோப்புப் போட்டுக் குளித்து, நீ கொடுக்கும் சட்டையை மாட்டிக்கொண்ட பிறகுதான் என் பேத்தி மித்ராவைத் தூக்கலாம். அவளும் என் கையில் கொஞ்ச நேரம்தான் இருப்பாள், யாராவது வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள். அன்றைக்கு மட்டும், படம் பார்க்க நன்றாக இருக்கும் என்று, கூட்டம் முடியும்வரை அவளை என் மடியில் உட்கார வைத்தாய். என் துண்டின் நுனியை இழுத்துக்கொண்டு, "தாத்தா, தாத்தா" என்று என் முகவாயைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் உண்மையைச் சொன்னால் நீ அந்த இடத்திலேயே குழந்தையை வாங்கிக்கொள்வாய் என்று தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் அவள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த நிமிடத்தில் எனக்கு வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நீ சொன்ன பொய் ஒன்றும் இருக்கிறது, அது என் பொய்யைவிடப் பெரியது. மீன் விலை கேட்பதற்காகப் போனைக் கட்டினேனாம். ஏலம் கரையில் நடக்கிறது. நடுக்கடலில் விலையைத் தெரிந்துகொண்டு நான் மீனை என்ன செய்யப் போகிறேன், திரும்பத் தண்ணீரில் விடப் போகிறேனா? நீ எட்டாவது படிக்கும்போது எஞ்சின் பழுதாகி எங்கள் போட் கடலிலேயே மிதந்து, எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கி, ஒரு நாள் கழித்துத்தான் வீடு வந்தேன். அந்த ஒரு நாளும் நீ சோறு தண்ணி இல்லாமல் கரையிலேயே நின்றாய். என்னைக் கண்டதும் ஓடிவந்து என் வயிற்றிலேயே குத்தினாய். அடுத்த வாரம் இரண்டு போன் வாங்கினேன், ஒன்று எனக்கு, ஒன்று உன் அம்மாவுக்கு. தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்முன் அம்மாவின் போனிலிருந்து அடிப்பாய். "நைனா, கீறியா?" என்பாய். "கீறேன்டா" என்பேன். வைத்துவிடுவாய். இருக்கிறேனா என்று கேட்க ஒரு போன், இருக்கிறேன் என்று சொல்ல ஒரு போன். அந்த அதிர்வு தவறிவிடக் கூடாது என்றுதான் அதைக் காதோடு கட்டினேன். ரேடியேஷன் உண்மையிலேயே என் நரம்பைத் தின்றிருந்தால்கூட நான் வருத்தப்பட மாட்டேன். அதைப் போய் மீன் விலை என்றாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் எங்கள் தெருவில், பால்வாடியை ஒட்டிய வீட்டு மாடியில் ஒரு டவர் ஏறியது. மாத்தூரில் நீங்கள் விரட்டியதுதான் இங்கே வந்ததா, இது வேறா, எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டேன். இங்கே யாரும் எங்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை, கை தூக்கச் சொல்லவில்லை. காற்று ஒரு பக்கம் அடித்தால் எண்ணெய் ஆலையின் கேஸ் நாற்றம், மறுபக்கம் அடித்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல். எவனுக்கும் வேண்டாதது எங்கள் கரைக்கு வந்து சேர்வது எங்களுக்குப் பழகிப்போனது. ஆனால் மைக் பிடிக்கத் தெரிந்த ஒரு மகன் எனக்கு இருக்கிறான், அவன் வந்து கேட்பான் என்று நினைத்தேன். உன்னிடமிருந்து வந்தது ஒரு போன்தான். "நைனா, அங்க டவர் வந்துட்ச்சாமே? இனிமே பாப்பாவ அங்க இட்டார முடியாது. ரிஸ்க்கு. வீடியோ கால்ல பாத்துக்கோ" என்றாய். எங்கள் தெருப் பிள்ளைகளின் மண்டையோடு என்ன, இரும்பா?

போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் உன் வீட்டுக்கு வந்தேனே, மறந்திருக்க மாட்டாய். உங்கள் ஹாலில் சிக்னல் ஒரு கோடுதான் நிற்கிறது. அதனால் பால்கனி ஓரத்தில் ஒரு சின்ன நாற்காலி போட்டு, மித்ராவை அதில் உட்கார வைத்து, அவள் கையில் போனைக் கொடுத்திருந்தீர்கள். ரேவதி சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வாயைத் திறந்தது, மென்றது, ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. கண் முழுக்கப் போனில். படம் நின்று நின்று வந்தது. நிற்கும்போதெல்லாம் அவள் போனை முகத்தோடு இழுத்து ஒட்டிக்கொண்டாள். "இது இல்லன்னா ஒரு வாய் வாங்க மாட்டேங்கறா மாமா, நான் என்ன பண்றது?" என்றாள் ரேவதி. பாவம், அவளையும் குறை சொல்ல மாட்டேன், தனியாகக் கிடந்து அல்லாடுகிறாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ சோபாவில் சாய்ந்து உன் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாய். அரை மணி நேரம் கழித்து, "எப்ப வந்தே நைனா?" என்று கேட்டாய்.

தலைக்கு மேல் நிற்கவிருந்த டவரைத் துரத்திவிட்டு, அதைவிடக் கிட்டத்தில் இருப்பதை, அதுவும் ஒரு கோட்டுச் சிக்னலில் கத்திக்கொண்டிருப்பதை, மூன்று வயதுக் குழந்தையின் முகத்தில் வைத்து அழுத்தியிருக்கிறாய். அந்தப் பிள்ளையைத்தான் ரேடியேஷனுக்குப் பயந்து என் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்கிறாய். அவளை நான் பார்க்க வேண்டுமென்றாலும் அதே போனை அவள் முன்னால் நீட்டுகிறாய். மூன்று வயது மூளையை அது என்ன செய்யும் என்று டாக்டரம்மாவுக்கே முழுசாகத் தெரியவில்லை. என் வயது மூளையை என்ன செய்தது என்றும் தெரியவில்லை. உன் வயது மூளையை என்ன செய்யும் என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. பெற்றவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் பிடித்துக் காட்டும், கண்ணெதிரில் வந்து நின்றவனை அரை மணி நேரம் பார்க்காது. அதற்கு ரேடியேஷன்கூடத் தேவைப்படவில்லை.

நாலு நாளைக்கு முன் கஸ்தூரி வந்தாள். உனக்குத் தெரியும், மூன்றாவது வீடு, அவள் பிள்ளைகள் இரண்டும் அந்தப் பால்வாடிக்குத்தான் போகின்றன. "மாமா, உன் வீடியோவ பாத்துட்டோம். மாத்தூர்காரங்களுக்குப் போயி சொன்னே இல்ல, உன் சொந்த ஜனத்துக்குச் சொல்ல மாட்டியா? ஞாயித்துக்கெயம காலைல வலக் கொட்டாயில கூட்டம். கம்பெனிக்காரனும் வரான். துண்டக் கட்டிகினு வந்து, அங்க இன்னா சொன்னியோ அத்தயே சொல்லு, போதும்" என்றாள். உள்ளே இருந்து உன் அம்மா எட்டிப் பார்த்தாள். கஸ்தூரி போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடுய்யா. டவரு பூட்ச்சுன்னா கொயந்த வரும். ஒரு வாட்டி சொன்னவன்தான, இன்னொரு வாட்டி சொல்றதுல இன்னா பேஜாரு?" என்றாள்.

அவள் கேட்டது சரிதான். ஒரு தடவை சொன்ன பொய், வாய்க்குப் பழகிய பொய். சொன்னால் டவர் போகலாம். டவர் போனால் நீ மித்ராவைக் கூட்டிக்கொண்டு வந்துதான் ஆக வேண்டும், வேறு சாக்குக் கிடையாது. சொல்லாவிட்டால் கஸ்தூரி என் முகத்தில் விழிக்க மாட்டாள், டவர் அங்கேயே நிற்கும், என் பேத்தியை நான் இனி எப்போது தூக்குவேன் என்று தெரியாது. நாலு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் மேல் வந்த கோபத்தில் உன் அம்மாவிடம்கூட எரிந்து விழுந்தேன்.

நான் போகப் போகிறேன், தினேஷ். துண்டு கட்ட மாட்டேன். எனக்குக் கட்டி போனால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, மாத்தூரில் நான் பொய் சொன்னேன், என் மகன் கேட்டான் நான் சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். அதைக் கேட்டுக் கம்பெனிக்காரன் சிரிப்பான். சிரித்து முடித்ததும் அவனிடம் கேட்பேன்: குழந்தைகள் விஷயத்தில் இன்னும் முழுசாகத் தெரியவில்லை என்று படித்தவர்களே சொல்கிறார்கள், அப்படியிருக்கப் பால்வாடி ஓரத்தில் ஏற்றும்முன் எங்களைக் கேட்டாயா, எவ்வளவு வருகிறது என்று எங்கள் கண்முன்னால் அளந்து காட்டினாயா? கஸ்தூரிக்கு வேண்டியது இந்தக் கேள்வி, என் மண்டைக்குள் இருக்கும் கட்டி அல்ல. அவளிடமும் ஒன்று சொல்வேன், பிள்ளைகள் கையில் இருக்கும் போனை முதலில் வாங்கி வை என்று. அவளுக்குக் கோபம் வரும், வரட்டும். நாங்கள் தோற்கவும் செய்யலாம், டவர் அப்படியே நிற்கலாம். நின்றால் நீ என்ன செய்வாய் என்று தெரிந்துதான் இதைச் செய்கிறேன்.

உன் பெயர் இதில் வரும். உங்கள் சங்கத்தில் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கொஞ்ச நாள் கஷ்டமாக இருக்கும், பழகிவிடும், என்னை எல்லோரும் பார்த்தார்களே அதுபோல. உனக்காக நான் பரிதாபப்படவில்லை. மித்ராவின் முகத்தை மட்டும்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. இனி வீடியோ காலில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். உன் அம்மா அழுவாள், அவளும் எடுக்க மாட்டாள், பேசிவிட்டேன். ஒரு நாளில் எனக்கு இருப்பதே மித்ராவைப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடம்தான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் நான் இந்தப் பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்வரை, அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அவள் அதைக் கீழே வைக்க ஒரு காரணமாவது என் பக்கமிருந்து குறையட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் வீட்டில்தான் இருப்பேன், போனை அணைத்து வைத்திருப்பேன். சின்ன வயதில் தினமும் கேட்டாயே, அதை மறுபடி கேட்க வேண்டுமென்று தோன்றினால் மகளைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்து கேள். கதவைப் பலமாகத் தட்டு, எனக்கு ஒரு காதுதான் மிச்சம் இருக்கிறது.

நைனா